கடினமான வசனங்களைத் தாண்டிப் போகாமல் வாசிப்பது எப்படி

நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயாவின் புஸ்தகத்தை விரித்து வாசித்தபோது எல்லாரும் அவருக்கு நற்சாட்சி கொடுத்தார்கள் என்றும், அவருடைய வாயிலிருந்து புறப்பட்ட கிருபையுள்ள வார்த்தைகளைக் குறித்து ஆச்சரியப்பட்டார்கள் என்றும் லூக்கா தம் நான்காம் அதிகாரத்தில் எழுதுகிறார். அதே மக்கள் சற்று நேரத்திற்குள் அவரை ஊருக்குப் புறம்பே தள்ளிக்கொண்டுபோய், மலைச்செங்குத்திலிருந்து தலைகீழாய்த் தள்ளிவிடப் பார்த்தார்கள். இடையில் அவர் எடுத்துச் சொன்னவை இரண்டே உதாரணங்கள்தாம். பஞ்ச காலத்தில் எலியா அனுப்பப்பட்டது இஸ்ரவேலின் விதவைகளிடம் அல்ல, சீதோன் நாட்டுச் சரெப்தா ஊரின் விதவையிடம். எலிசாவின் நாட்களில் குஷ்டம் நீங்கியவன் சீரியனாகிய நாகமான். தரித்திரருக்குச் சுவிசேஷம், சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தவரை இனித்த பிரசங்கம், தங்கள் தெருவின் பெருமையைத் தொட்டவுடன் கசந்துவிட்டது.

பரம்பரைக் கிறிஸ்தவர்களாகிய நமக்கு இதைவிட நாகரிகமான வழக்கம் ஒன்று உண்டு. யாரையும் மலையுச்சிக்கு இழுத்துச் செல்வதில்லை. பிரசங்கம் முடிந்ததும் வாசலில் ஆயரின் கையைக் குலுக்கி, ‘இன்றைக்குச் செய்தி நன்றாக இருந்தது ஐயா’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். கடினமான போதனைகளை நாம் மறுப்பதே இல்லை. ஒப்புக்கொண்டே அவற்றின் கூர்மையை மழுக்கிவிடுகிறோம். ஆகவே இந்த வழிகாட்டி வேதத்தை இன்னும் அதிகமாக வாசிக்கச் சொல்வதற்காக எழுதப்படவில்லை. பல ஆண்டுகளாக வாசித்துவரும் ஒருவர், வாசித்தது தம்மைத் தொடாமல் போவதற்கு என்னென்ன ஏற்பாடுகளைச் செய்துவைத்திருக்கிறார் என்று கண்டுபிடித்து, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப்போடுவதற்கான சில வழிகளே இங்கே சொல்லப்படுகின்றன.

முதலில் கவனிக்க வேண்டியவை

வருடப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்தச் சீட்டு எடுக்கும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவு ஆராதனை முடிந்து, புதுத்துணி உடுத்திய குடும்பங்கள் வரிசையில் நின்று, தட்டில் சுருட்டியோ மடித்தோ வைத்திருக்கும் சீட்டுகளில் ஒன்றை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் பிரித்து வாசித்து, ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். பிறகு அந்த வசனம் சட்டமிடப்பட்டு முன்னறைச் சுவருக்கு வருகிறது. ‘நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை’ என்பது வரும்; ‘உன்னை ஆசீர்வதிப்பேன்’ என்பது வரும். ‘ஐசுவரியவான்களாகிய உங்களுக்கு ஐயோ, உங்கள் ஆறுதலை நீங்கள் அடைந்து தீர்ந்தது’ என்ற லூக்கா 6:24 எந்தத் தட்டிலும் வராது. சீட்டு எடுப்பது தவறு என்று சொல்ல நான் வரவில்லை. துன்பத்தில் இருக்கும் வீட்டுக்கு அந்த ஒற்றை வசனம் ஆண்டு முழுவதும் தாங்கலாக இருப்பதும் உண்மைதான். ஆனால் வேதத்திலிருந்து நமக்கு வரும் வசனங்கள் அனைத்தும் முன்கூட்டியே சலித்தெடுக்கப்பட்டவையாக இருந்தால், நம்மை நிலைகுலையச் செய்யக்கூடிய வசனம் நம் வீட்டுக்குள் வருவதற்கு வழியே இல்லாமல் போய்விடுகிறது.

சலித்தெடுப்பதில் இன்னொரு வகை, வசனத்தைச் சுற்றியிருப்பதை வெட்டிவிடுவது. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு’ என்ற எரேமியா 29:11 தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும் வேலை தேடும் இளைஞர்களுக்கும் மிக விருப்பமான வசனம். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்திய வசனம் எழுபது வருஷம் என்கிறது; அதாவது கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப்போவதில்லை. அதற்கும் முன்னே, தங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கும்படி அந்தக் கடிதம் கட்டளையிடுகிறது. இவற்றோடு சேர்த்து அந்த வரியைப் படிப்பவர் ஆறுதலை இழப்பதில்லை. ஆனால் அது வேறு வகை ஆறுதல், பகைவருக்கு நன்மை நாடுவதையும் நீண்ட காத்திருப்பையும் கூடவே கேட்கிற ஆறுதல்.

மூன்றாவது வகை விளக்கம் சொல்லித் தப்புவது. இதற்கு ஊசியின் காதை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதிலே நுழைவது எளிது என்ற வார்த்தைக்கு, எருசலேமின் மதிலில் ‘ஊசியின் காது’ என்ற சிறிய வாசல் ஒன்று இருந்ததாகவும், சுமையை இறக்கி முழங்காலிட்டால் ஒட்டகம் அதில் நுழைந்துவிடும் என்றும் விளக்கம் கேட்டிராத சபையார் குறைவு. இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. அந்த விளக்கம் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் தோன்றியது. சான்று இருக்கட்டும், மாற்கு 10-ஆம் அதிகாரத்தை அடுத்த வசனம்வரை வாசித்தாலே அது நிற்காது. சீஷர்கள் மிகவும் ஆச்சரியப்பட்டு, ‘அப்படியானால் யார் இரட்சிக்கப்படக்கூடும்’ என்று தங்களுக்குள்ளே கேட்டுக்கொண்டார்கள். முழங்காலிட்டால் நுழையக்கூடிய வாசலைப் பற்றி யாரும் அப்படித் திகைத்துக் கேட்கமாட்டார்கள். அதற்கு இயேசு கொடுத்த பதிலும் ‘இலகுதான்’ என்பதல்ல. ‘மனுஷரால் இது கூடாதது, தேவனால் இதுவும் கூடும்’ என்பதுதான். வாசலைக் கட்டி வைத்தவர்கள் நமக்குக் கிருபையின் தேவையைக்கூட இல்லாமல் செய்துவிட்டார்கள் என்பதே என் வருத்தம்.

இனி எந்தப் பகுதியையாவது கேட்கும்போது, அதைத் தாண்டிப்போக உங்கள் மனம் முதலில் எடுத்து நீட்டும் விளக்கம் எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ‘அது அந்தக் காலத்து வழக்கம்’, ‘இதற்கு ஆவிக்குரிய அர்த்தம் வேறு’, ‘நாம் ஒன்றும் பெரிய பணக்காரர் இல்லையே’. இவற்றில் சில சரியான விளக்கங்களாகவும் இருக்கலாம். சரியா தவறா என்று பிறகு பார்க்கலாம். எவ்வளவு வேகமாக அது வந்து நின்றது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

ஒரு பகுதியோடு தங்கியிருத்தல்

தினமும் மூன்று அதிகாரம் என்ற ஒழுங்கில் வேதத்தை ஆண்டுக்கொருமுறை முடிப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டியதில்லை. அதோடுகூட ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்துகொண்டு, லெந்துகாலம் முழுவதுமோ ஒரு மாதமோ அதை மட்டும் திரும்பத் திரும்ப வாசியுங்கள். இதற்கு ஏற்றவை: மாற்கு 10:17–31, லூக்கா 16:19–31, மத்தேயு 5:21–48, யாக்கோபு 2:1–9, ஏசாயா 58. உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த பகுதியை எடுக்காதீர்கள். வாசிக்கும்போது கண் சற்று வேகமாக ஓடுகிற பகுதி எதுவோ அதுவே பொருத்தமானது. வாய்விட்டு வாசியுங்கள், குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் வாசிக்கக் கேட்பது அதைவிட நல்லது, ஏனென்றால் பிள்ளைகள் ‘அப்பா, நாம் அப்படிச் செய்கிறோமா?’ என்று கேட்டுவிடுவார்கள்.

நான்காம் நூற்றாண்டில் அத்தனாசியு எழுதிவைத்த அந்தோனியாரின் வாழ்க்கை வரலாற்றில், எகிப்தைச் சேர்ந்த அந்த இளைஞர் பெற்றோரை இழந்த சில மாதங்களில் ஆலயத்துக்குள் நுழையும்போது, ‘உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு’ என்ற பகுதி வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது என்று வருகிறது. அது தமக்காகவே வாசிக்கப்பட்டதாக அவர் எடுத்துக்கொண்டு, முன்னோர் வழிவந்த விளைநிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிட்டார். அன்று அந்த ஆலயத்தில் அதே வாசகத்தைக் கேட்டவர்கள் பலர் இருந்திருப்பார்கள். எல்லாரும் அந்தோனியாரைப் போல வனாந்தரத்துக்குப் போக வேண்டும் என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. எனினும், ‘எல்லாருக்கும் இது பொருந்தாது’ என்ற நியாயமான வாக்கியத்தின் பின்னால் ‘ஆகவே எனக்கும் பொருந்தாது’ என்ற வாக்கியம் சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டு வருவதை இந்த வரலாறு காட்டிக்கொடுக்கிறது.

கதையில் நாம் யார்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்த ஐசுவரியவானின் கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னபோது, உரியாவின் மனைவியை அபகரித்திருந்த தாவீது ராஜா கோபத்தால் கொதித்து, அவன் மரணத்துக்குப் பாத்திரன் என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். நீதியுணர்வு அவனுக்குக் குறைவாக இருக்கவில்லை. தன்னுடைய இடம் எது என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. ‘நீயே அந்த மனுஷன்’ என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

நாமும் வேதக்கதைகளில் இடம் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறோம். நல்ல சமாரியன் கதையில் நாம் சமாரியன், அல்லது குறைந்தபட்சம் அடிபட்டுக் கிடந்தவன். வரி வசூலிக்கும் ஆயக்காரனும் தன் நீதியை மெச்சிக்கொண்ட பரிசேயனும் ஜெபித்த கதையில் நாம் ஆயக்காரன். ‘நான் அந்தப் பரிசேயனைப் போல இல்லாததனால் ஸ்தோத்திரம்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் ஆயக்காரன். எனவே தேர்ந்துகொண்ட பகுதியில் நீங்கள் ஒருபோதும் ஏற்காத பாத்திரத்தின் இடத்தில் வேண்டுமென்றே நின்று வாசியுங்கள். அவசர வேலையாக விலகிப்போன லேவியனாக, கெட்டுப்போய்த் திரும்பிய தம்பியை வரவேற்க மறுத்த மூத்த குமாரனாக, சாப்பாட்டு மேசையில் இருந்த ஐசுவரியவானாக.

இந்தக் கடைசி ஆளைச் சற்று அருகில் பார்ப்போம். லூக்கா 16-இல் வரும் அந்த ஐசுவரியவான், லாசரு என்னும் தரித்திரனை அடித்ததாகவோ விரட்டியதாகவோ ஒரு வார்த்தையும் இல்லை. இரத்தாம்பரமும் விலையேறப்பெற்ற வஸ்திரமும் தரித்தான், தினமும் சம்பிரமமாய் வாழ்ந்தான், அவ்வளவுதான். லாசரு கிடந்தது அவனுடைய வாசலருகே. வீட்டை விட்டு வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் அவனைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். பாதாளத்தில் அவன் பேசும்போது லாசருவின் பெயரைச் சொல்கிறான் என்பதைக் கவனித்தீர்களா? பெயர் தெரிந்தே இருந்திருக்கிறது. அப்போதும் லாசருவை நேராகக் கூப்பிடாமல், தண்ணீர் கொண்டுவர அவனை அனுப்பும்படி ஆபிரகாமிடம் கேட்கிறான். இன்னும் அவன் கண்ணுக்கு லாசரு ஏவலாள்தான்.

இப்போது கேள்வியை உங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவாருங்கள். பெயர் தெரிந்தும் நீங்கள் தாண்டிப்போகிறவர் யார்? குப்பை எடுக்க வருபவரா, மாடிப்படியைப் பெருக்குபவரா, அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியா? வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்குச் சமையலறை ஜன்னலில் தனி டம்ளர் வைத்திருக்கும் வீடுகளில், அந்த டம்ளருக்கு நேர் எதிர்ச்சுவரில் ‘கிறிஸ்துவே இவ்வீட்டின் தலைவர்’ என்ற பலகையும் தொங்கலாம். ‘சுத்தம் கருதி’ என்பார்கள். விருந்தினர் குடித்த டம்ளரை நாம் கழுவி எடுத்து வைத்துக்கொள்கிறோம் என்பதை மட்டும் இங்கே நினைவூட்டலாம்.

இப்படி இடம் மாறி வாசிக்க மறுத்ததன் விலையைத் தமிழ்நாட்டுத் திருச்சபை நீண்ட காலம் செலுத்தியிருக்கிறது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முடிவாகவும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது மேல் என்று வெளியேறியவர்கள் உண்டு. திருநெல்வேலிப் பகுதியில் வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயம் ஒரே பலிபீடத்தை நோக்கி இரண்டு கிளைகளாகக் கட்டப்பட்டு, சாதிவாரியாக மக்கள் பிரிந்து அமர்ந்தார்கள். 1910-இல் தடுப்பு அகற்றப்பட்டபோது, உயர்சாதியார் பிரிந்து அமரும் உரிமையைக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம்வரை வழக்குக்குப் போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைப் பிரித்து நின்ற சுவருக்கு எதிராக இந்த நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்தது. இவர்கள் எல்லாரும் யாக்கோபின் நிருபத்தைக் கேட்காதவர்கள் அல்லர். பொன்மோதிரம் தரித்தவனிடம் ‘ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்’ என்றும், தரித்திரனிடம் ‘நீ அங்கே நில்லு’ என்றும் சொல்லுகிறவர்கள் அநியாயமாய் நிதானிக்கிறவர்கள் என்று அது அவர்களுடைய ஆலயத்திலேயே வாசிக்கப்பட்டது.

இதைப் பழைய கதை என்று தள்ள முயல்பவர்கள், கிறிஸ்தவ மணமகன் மணமகள் தேவை விளம்பரங்களை ஒரு வாரம் எடுத்துப் படிக்கலாம். ஆண்டவரை ஏற்றுக்கொண்ட, ஜெப ஜீவியமுள்ள பெண் தேவை. அதற்கு முன்னாலேயே சமூகத்தின் பெயரும் சபையின் பெயரும் இருக்கும். ‘யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை’ என்ற கலாத்தியர் 3:28-ஐ நீங்கள் தேர்ந்துகொண்டால், அதைத் தியானிக்கும் நேரம் அதிகாலை அமைதி நேரமல்ல. தரகர் ஜாதகம் இல்லாத பயோடேட்டாவோடு வந்து உட்காரும் நேரம்.

கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தல்

வசனத்தைக் குறிப்பேட்டில் எழுதித் தியானிப்பவர்கள், ஒருமுறை வீட்டுக் கணக்கு நோட்டையோ வங்கிக் கணக்கின் அறிக்கையையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம். ‘உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது’ என்ற யாக்கோபு 5:4-க்கு வயல் தேவையில்லை. வேலைக்காரம்மா காய்ச்சலில் வராத நாட்களுக்குச் சம்பளம் பிடித்தோமா? நாம் வெளியூர் போய்க் கதவைப் பூட்டிய நாட்களுக்கும் பிடித்தோமா? கடைசியாக எந்த வருடம் கூட்டிக் கொடுத்தோம். அதே காலத்தில் நம் சம்பளம் எவ்வளவு கூடியது? ஏசாயா 58 இதை உபவாசத்தோடேயே முடிச்சுப் போடுகிறது: உபவாச நாளில் தன்னை ஒடுக்கிக்கொண்டு, அதே நாளில் வேலையாட்களிடம் கட்டாயமாய் வேலை வாங்குகிறவர்களைப் பார்த்து அந்த அதிகாரம் பேசுகிறது. உபவாசக் கூட்டத்துக்குப் போகும் நாளில் வீட்டு வேலையைப் பார்க்க ஒருவர் கூடுதல் நேரம் நிற்க வேண்டியிருந்தால், அந்த நேரத்துக்குக் கூலி உண்டா என்பதும் ஆவிக்குரிய கேள்விதான்.

தசமபாகம் ஒழுங்காகக் கொடுப்பவர்கள் இந்த இடத்தில் சற்று எரிச்சலடைவதுண்டு. அந்த எரிச்சல் நல்ல அறிகுறி.

வேறு இடத்தில் உட்கார்ந்திருப்பவரோடு சேர்ந்து

தனியாக வாசிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. வீட்டு ஜெபக்கூட்டங்களில் ஒரே மாதிரிச் சம்பளம், ஒரே மாதிரி வீடு, பெரும்பாலும் ஒரே சாதி உடையவர்கள் கூடி வேதபாடம் நடத்தும்போது, வசனம் எந்தப் பக்கம் குத்துகிறது என்பதே தெரியாமல் போகலாம். மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் வேலை பார்க்கும் நாம், பகல் முழுவதும் உழைத்தவனுக்கும் ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் ஒரே கூலியா என்று முதல் ஆளின் முறுமுறுப்பைத்தான் முதலில் உணர்கிறோம். காலையில் சாந்துச்சட்டியோடு நாற்சந்தியில் வேலைக்கு நின்று, பத்து மணிக்கு மேல் யாரும் கூப்பிடாமல் வெறுங்கையாய் வீடு திரும்பிய அனுபவம் உள்ளவருக்கு, ‘ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை’ என்ற பதிலில்தான் காது நிற்கும். அவருக்கு அந்த உவமை அநியாயமாகத் தோன்றுவதில்லை.

எனவே உங்கள் வேதபாடக் குழுவில் அப்படிப்பட்டவர் இல்லையென்றால், அது ஏன் இல்லை என்பதிலிருந்தே தொடங்கலாம். ஆனால் ஒருவரை வரவழைத்து ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று சாட்சி சொல்ல நிறுத்துவது அவமதிப்பு. அவர்கள் நடத்தும் கூட்டத்துக்கு நீங்கள் போய், பின்னால் உட்கார்ந்து கேட்பது மேல்.

ஒரு செயல், தேதியோடு

கேட்டு மனங்கசிந்ததை மனந்திரும்புதலாக எண்ணிவிடுவது நம்மிடையே சாதாரணம். இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட ஆயக்காரர் தலைவன் சகேயு அழுததாக வேதத்தில் இல்லை. ஆஸ்தியில் பாதி, அநியாயமாய் வாங்கினது நாலத்தனை என்று எண்ணிக்கையோடு சொன்னான். விருந்து நடந்த அன்றே சொன்னான். அவ்வாறே நீங்கள் தேர்ந்துகொண்ட பகுதி கேட்கிற ஒரே ஒரு காரியத்தைத் தொகையோ தேதியோ பெயரோ இட்டு எழுதுங்கள். ‘இனி ஏழைகள்மேல் கரிசனையாக இருப்பேன்’ என்பது எழுதத் தகுந்ததல்ல. ‘அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு’, ‘பங்கு பிரித்ததில் தங்கைக்குக் கொடுக்காமல் விட்ட பாகத்துக்காகப் பத்திர அலுவலகம் போவது’, ‘மகன் திருமண வரவேற்பில் பந்தி இரண்டாகப் பிரியாமல் இருப்பது’ என்பவை எழுதத் தகுந்தவை. செய்த பிறகு சபையில் சாட்சியாகச் சொல்லத் தோன்றும். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற வசனம் அதற்காகவே இருக்கிறது.

யாருக்கு எதிராக இதைப் பயன்படுத்தக் கூடாது

கடினமான வசனங்களை அடுத்தவர் தலைமேல் வைப்பது எளிது என்பதால், ஓர் எச்சரிக்கை தேவை. அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வந்த பெண்ணிடம் ‘சிலுவையை எடுத்துக்கொள்’ என்றும், ‘ஏழெழுபதுதரம் மன்னி’ என்றும் சொல்லித் திருப்பியனுப்பும் ஆலோசனை, வசனத்தை அடிக்கிறவனின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கூலி கேட்கிறவனிடம் ‘போதுமென்ற மனது’ பற்றிப் பேசுவதும் அத்தகையதே. போதனை அசைக்க வேண்டியது வசதியாக அமர்ந்திருப்பவரை. ஏற்கெனவே விழுந்து கிடப்பவரை அல்ல. ஓயாத குற்றவுணர்வால் தூக்கம் இழந்து, எதைச் செய்தாலும் போதாது என்று வதைபடும் இயல்புள்ளவர்களும் இந்தப் பயிற்சியைத் தனியாகச் செய்யாமல், நம்பிக்கையான ஆயரோடோ அருட்தந்தையோடோ மனநல மருத்துவரோடோ பேசிக்கொண்டு செய்வது நல்லது.

ஒப்புரவாகும் கட்டளை பலரை நடைமுறையில் சிக்கவைப்பதால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்’ என்றுதான் மத்தேயு 5:23 சொல்கிறது. அவர்மேல் உனக்குள்ள குறையைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஆகவே திருவிருந்துக்குப் போகுமுன் பட்டியலிட வேண்டியது நமக்குத் தீங்கு செய்தவர்களை அல்ல, நம்மால் காயப்பட்டவர்களை. நேரில் போங்கள், பண்டிகை வாழ்த்தோடு சேர்த்து வாட்ஸ்அப்பில் ‘மன்னிக்கவும்’ அனுப்புவது போதாது. நிலமோ பணமோ சம்பந்தப்பட்டிருந்தால், அதைத் திருப்பிக்கொடுக்கும் ஏற்பாட்டோடு போங்கள். அவர் கதவைத் திறக்காமலும் போகலாம், திறந்து நாலு வார்த்தை கடினமாகப் பேசவும் செய்யலாம். அப்படிப் பேச அவருக்கு உரிமை உண்டு. ‘கூடுமானால் உங்களாலானமட்டும்’ என்று பவுல் ரோமருக்கு எழுதும்போது சேர்த்துக்கொண்ட வார்த்தைகள், போய் வந்தவர்களுக்கு எழுதப்பட்டவை. வீட்டிலிருந்தபடியே ‘அவர் ஒத்துவரமாட்டார்’ என்று முடிவுகட்டியவர்கள் அவற்றைச் சொல்லிக்கொள்ள முடியாது.